இப்பல்லாம் டாக்டர் திட்டுறதில்ல

அழாத தாயி. கண்ணைத் தொடச்சுக்கோ. உம் புருஷன் ஊசி போட்டுட்டு வெளிய வர்ற நேரம், நீ இப்பிடி மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருந்தா அவன் மனசு என்ன ஆகும்? இந்தா, தண்ணி குடி. காய்ச்சி ஆறவச்ச தண்ணிதான், பயப்படாமக் குடி. இங்க வர்றவுகளுக்கு வேற தண்ணி ஆகாதுன்னு எனக்கும் தெரியும். நானும் இந்த பெஞ்சைத் தேய்க்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகப்போகுது.

சத்தமாப் பேசுறேனோ? கோவிச்சுக்காத. நமக்குச் சாத்தூர்ல மாவு மில்லு. மீசை முளைச்ச நாள்லருந்து அந்த மிஷினுக்குப் பக்கத்துலயே நின்னு கத்திக் கத்திப் பேசிப் பழகிருச்சு. காதும் பாதி போச்சு. வலது பக்கம் சுத்தமா அவுட்டு. நீ ஏதாவது சொல்றதா இருந்தா இந்தப் பக்கமா வந்து சொல்லு.

பேரு என்ன தாயி? மாரீஸ்வரி. சிவகாசியா? உம் புருஷனுக்கு அச்சாபீஸ்ல வேலை. சரி சரி. என் பேரு சீனிராசு. உள்ள இருக்கிறது எஞ் சம்சாரம், ராசகனி. உம் புருஷன் அந்த மொதக் கதவு, இவ ரெண்டாவது கதவு. ரெண்டு கதவுக்கும் ஒரே டாக்டர்தான். ஞானதுரை டாக்டர். இந்தக் கதவுல பூந்து அந்தக் கதவுல வருவாரு.

இப்ப அவரு கத்துனது எனக்கே கேட்டுச்சுன்னா பாத்துக்கோ. 'சாகணும்னா ஊர்லயே கெடந்து சாக வேண்டியதுதானே, இங்க வந்து எதுக்குய்யா என் உசுரை வாங்குற'ன்னு. அம்புட்டுப் பேரு முன்னாடியும். உம் புருஷன் செஞ்சதும் தப்புதான், நான் இல்லைங்கல. மாத்திரையை நிறுத்திட்டு கோயில் பொங்கல் சாட்டுன ஊருக்குப் போயி, அந்தக் கூட்டத்துல ரோட்டுக்கடை பரோட்டாவைத் தின்னுட்டு வந்தா எந்த டாக்டருக்கும் கோவம் வரும். ஆனா சின்ன வயசு, ஆசைப்பட்டுட்டான். அதுக்காக ஒரு படிச்ச மனுஷன் வாயில வர்ற பேச்சா இது?

நான் ஒண்ணு சொல்றேன் கேளு. எங்களையும் இப்பிடித்தான் பேசுனாரு. இதுக்கு மேலயும் பேசுனாரு. இன்னைக்கு எங்களை எப்பிடி வச்சிருக்காரு தெரியுமா? கையில வச்சுத் தாங்குறாரு. எல்லாம் நாம நடந்துக்கிறதுல இருக்கு. அந்தச் சூட்சுமத்தை உனக்குச் சொல்றேன், நீ மொதல்ல அழுகையை நிறுத்து.

ராசகனிக்கு மொத மொதல்ல ஈறுல ரத்தம் வந்துச்சு. பல்லு விளக்கையில வரும். அப்பறம் கை காலெல்லாம் அங்கங்க நீலம் பாரிக்க ஆரம்பிச்சுச்சு, எங்கயோ முட்டிக்கிட்ட மாதிரி. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும். சாத்தூர் டாக்டர் ரத்தத்தைப் பாத்துட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இங்க எழுதிக் குடுத்தாரு. வந்தோம். இதே கதவுதான். இவரு ரிப்போட்டைப் பாக்கல, என்னைப் பாக்கல, நேரா அவ தலையைப் பாத்தாரு.

'என்னதும்மா அது தலையில?'

'பிச்சிப்பூ சார்.'

'ஒன் ரத்தத்துல கிருமியோட மல்லுக்கட்ட ஆளே இல்லாமக் கெடக்கு. நீ என்னடான்னா ஈரப் பூவுல ஒரு மூட்டை கிருமியைத் தலையில சுமந்துக்கிட்டு வர்ற. கழட்டு! கழட்டிக் குப்பையில போடு!'

எனக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லு. கல்யாணம் ஆன நாள்லருந்து பூ இல்லாம அவ தலையை நான் பாத்ததில்ல. பிரசவத்துக்குப் போகையிலயும் பூ வச்சுக்கிட்டுப் போனவ. புருஷன் நான் குத்துக்கல்லாட்டம் பக்கத்துல நிக்கையில, பூவை எடுங்கிறான் ஒருத்தன். ஏதாச்சும் கேக்கலாம்னு வாயைத் தொறக்குறேன், எம் பக்கம் திரும்பிட்டாரு. 'யோவ், செருப்போடயா உள்ள வந்திருக்க? ஒங்க வீட்டு சாமி ரூமுக்கும் இப்பிடித்தான் போவியா? வெளிய போட்டுட்டு வாய்யா. என்ன வேலை பாக்குற நீ? மாவு மில்லா? போ மாவு மில்லு, போய்க் கழட்டிட்டு வா.' அன்னைக்குலருந்து எனக்கு இங்க மாவு மில்லுதான் பேரு. நர்ஸுப் பிள்ளைகள்லருந்து தள்ளுவண்டி தள்ளுறவன் வரைக்கும்.

அதோட விட்டாரா? பச்சைக் காய் ஆகாது, பழம் ஆகாது, ஊறுகா ஆகாது, கடைப் பண்டம் ஆகாது. அவளுக்கு வெள்ளரிப் பிஞ்சுன்னா உசுரு. எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல கூடையில வச்சு விப்பாகளே, நீளமா, பிளந்து மிளகாப்பொடி தூவி. 'வெள்ளரிக்காயத் தொட்டேன்னு தெரிஞ்சுச்சு, இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது'ன்னுட்டாரு.

அப்பறம் அந்த டெஸ்ட்டு. உம் புருஷனுக்கு எடுத்திருப்பாகளே, இடுப்பு எலும்புல? ஆங், அதேதான். குப்புறப் படுக்க வச்சு, மரத்துப்போறதுக்கு ஒரு ஊசி போட்டுட்டு, அப்பறம் அந்தப் பெரிய ஊசியை எலும்புக்குள்ள திருகி இறக்கி, உள்ள இருக்குற ஊனை உறிஞ்சுவாக. தோலு மரக்கும், எலும்பு எங்க மரக்குது? எத்தனையோ ஆம்பளைக ஓன்னு கத்துறதை நான் இந்த பெஞ்சுல உக்காந்து கேட்டிருக்கேன். மொத நாளு என்னைத் தலைமாட்டுல நிக்கச் சொன்னாக. எனக்கு அந்த ஊசியைப் பாத்ததுமே கண்ணு இருட்டுது.

அந்த நேரத்துல இந்த மனுஷன் என்ன பண்றாரு தெரியுமா? வம்புக்கு இழுக்குறாரு. 'ஏம்மா, சாத்தூரா நீ? ஒங்க ஊர்க்காரங்களுக்குச் சேவு போடவே தெரியாதேம்மா. உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. எங்க நாசரேத்துல நாய்கூடத் திங்காது'ன்னாரு.

ராசகனி குப்புறக் கெடந்தவ விருட்டுன்னு தலையைத் தூக்குனா பாரு. 'எந்தக் கடையில வாங்குனீக?'

'பஸ்ஸுல கூவி விக்கிறானே.'

'பஸ்ஸுல வாங்கித் தின்னுட்டு ஊரைக் குத்தம் சொல்றீகளா? எங்க தெரு முக்குல வந்து வாங்கித் தின்னுட்டுப் பேசணும்.'

'எல்லாம் ஒண்ணுதான். பழைய எண்ணெய், காறிப்போன மாவு. அந்த மாவும் ஒம் புருஷன் மில்லுல அரைச்சதாத்தான் இருக்கும்.'

எங்க மில்லையே சொல்லிட்டாரு! அவ பிடிச்சா பாரு. எங்க அப்பா காலத்து மிஷினு, கல்லு எப்பிடிக் கொத்துவோம், கடலைப் பருப்பை எத்தனை வெயில்ல போடணும்னு மூச்சு விடாம ஏறுறா. அவரும் விடல, இவளும் விடல. நடுவுல ஒரு தடவை அவ கை விரலு கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சுச்சு, அம்புட்டுத்தான். 'முடிஞ்சுச்சு, எந்திரி'ங்கிறாரு. 'நான் இன்னும் பேசி முடிக்கல'ங்கிறா இவ.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல கேட்டேன், வலிச்சுச்சான்னு. 'வலிச்சுச்சு. கோவத்துல கவனிக்கல'ன்னா.

அதுக்கப்பறம் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் இந்தக் கூத்துதான். பஸ்ஸு ஏறுனதுலருந்து அவருகிட்ட என்ன பேசலாம்னு ரோசனை பண்ணிக்கிட்டே வருவா. எங்க ஊரு தண்ணி, எங்க ஊரு மிளகா, எம் மகளுக்கு மாப்பிள்ளை பாத்த கதைன்னு அவரு எதையாவது எடுத்து இளக்காரம் பேச, இவ பதிலுக்குப் பிடிபிடின்னு பிடிக்க, இந்த வராண்டாவுல இருக்குறவுக அம்புட்டுப் பேரும் சிரிப்பாக. எனக்குத்தான் சிரிப்பு வராது. நாம காசு குடுத்து வைத்தியம் பாக்க வந்திருக்கோம், ஏச்சு வாங்கவா வந்திருக்கோம்?

ஒரு நாளு, மனுஷனைக் கொஞ்சம் எளக்கிப் பாப்போம்னு, எங்க மில்லுல அரைச்ச சத்துமாவு ஒரு டப்பா கொண்டாந்து நீட்டுனேன். 'என்னய்யா மாவு மில்லு, லஞ்சமா? இதை அரைச்ச நேரத்துக்கு ஒம் பொண்டாட்டிக்கு மாத்திரையை ஒழுங்காக் குடுத்திருந்தா காய்ச்சல் வந்திருக்காதுல்ல. தூக்கிட்டுப் போ'ன்னு எங்கையிலயே திருப்பித் திணிச்சுட்டாரு. எனக்கு மானம் போச்சு. வெளிய வந்து சொன்னேன், 'ஏ ராசகனி, மதுரையில இன்னொரு ஆஸ்பத்திரி இருக்காம், அங்க டாக்டர்க எல்லாம் சிரிச்சு சிரிச்சுப் பேசுறாகளாம், போயிருவோம்'னு. அவ என்ன சொன்னா தெரியுமா? 'இவரு என்னைத் திட்டுற வரைக்கும் நான் வேற எங்கயும் வரல'ன்னா. அடிக்கிற கைதான் அணைக்கும்பாக, அதுக்காக அடியையே கேட்டு வாங்குவாகளா? அவ புத்தி அப்பிடி.

நான் விட்டேனா? எறும்பு ஊரக் கல்லும் தேயும். வர்றப்ப எல்லாம் ஒரு டப்பா மாவு. அவரு திருப்பிக் குடுப்பாரு, நான் அடுத்த தடவை புதுசா அரைச்சுக் கொண்டாருவேன். மருந்துல அவ முடியெல்லாம் கொட்டுச்சு, மறுபடி முளைச்சுச்சு. கொஞ்ச நாள் நல்லா மில்லுக்குக்கூட வந்து உக்காந்தா. கார்த்திகை வாக்குல திரும்ப அந்த நீலம், திரும்ப காய்ச்சல். மருந்தை மாத்துனாக. தை பொறந்ததும் வந்து ரத்தம் பாக்கக் குடுத்துட்டு உக்காந்திருக்கோம், கூப்பிட்டு விட்டாரு. உள்ள போனா, தாயி, ஆளே மாறிட்டாரு.

'வாங்கம்மா. உக்காருங்க'ங்கிறாரு. இவருக்கு 'வாங்க' சொல்ல வருமான்னு எனக்கு ஆச்சரியம். டெஸ்ட்டுக்குப் படுத்தா, ஊசியை எடுக்குறதுக்கு முன்னால அவ கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'கொஞ்சம் வலிக்கும்மா. பொறுத்துக்கிடுங்க. தாங்கலைன்னா சொல்லுங்க, நிறுத்திருறேன்.' எம்புட்டுப் பதனமாச் சொல்றாரு! பெத்த பிள்ளைகூட அப்பிடிச் சொல்லாது.

ராசகனிக்குப் பொறுக்கல. அவளே வம்பை ஆரம்பிச்சா. 'என்ன சார், நாசரேத்துக்காரவுகளுக்கு இன்னைக்கு நாக்கு உள்ள போயிருச்சு? சேவு தின்னு வயித்துக்கு ஆகலையோ?'

அவரு லேசாச் சிரிச்சாரு. 'சாத்தூர்ச் சேவு மாதிரி வராதும்மா'ன்னாரு.

அம்புட்டுத்தான். ஊசி இறங்குச்சு. அன்னைக்குத்தான் அவ கத்துனா. ஒரு வருஷத்துல மொதத் தடவை. இந்த வராண்டா முழுக்கக் கேட்டுச்சாம். எனக்கு வெக்கமாப் போச்சு தாயி. அதே ஊசி, அதே எடம், நான் பக்கத்துலதானே நிக்கிறேன், அவரு முன்னைவிட மெதுவாத்தான் திருகுனாரு. தடவிக் குடுத்து, பஞ்சை அவரு கையாலேயே வச்சு அமுக்கிக்கிட்டு நின்னாரு. நல்ல மரியாதை குடுத்தா சில பேருக்குத் தாங்காது போல.

வெளிய வந்து, தேனியிலருந்து ஒரு அம்மா வரும், மகனுக்குப் பாக்க, நாலஞ்சு வருஷமா இங்க வர்ற அம்மா, அதுகிட்டப் பெருமையாச் சொன்னேன். 'எங்களை டாக்டர் இன்னைக்கு ஒரு வார்த்தை திட்டல, அம்மா அம்மான்னு கூப்பிட்டாரு'ன்னு. அந்த அம்மா எந்திரிச்சுப் போயி ராசகனி பக்கத்துல உக்காந்து, அவ காலைத் தூக்கித் தன் மடியில வச்சு அமுக்கி விட ஆரம்பிச்சிருச்சு. வயித்தெரிச்சல், வேற என்ன? அது மகனை அன்னைக்குக் காலையிலதான் காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சியிருந்தாரு.

என்ன தாயி, ஒரு மாதிரிப் பாக்குற? கேளு, இன்னும் இருக்கு.

ரிசல்ட்டு வந்த அன்னைக்கு என்னை மட்டும் கூப்பிட்டாரு. எனக்கு நாற்காலி போட்டாரு. எனக்கு! பக்கத்துல இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரும் உக்காந்துக்கிட்டாரு. ரொம்ப நேரம் பேசுனாரு. என்ன பேசுனாருன்னு கேட்டா, முழுசும் சொல்ல முடியாது. அவரு உக்காந்தது எனக்கு வலது பக்கம். கத்துனாத்தான் எனக்குக் கேக்கும், அவரு கோயில்ல பேசுற மாதிரிப் பேசுறாரு. ஒரு பெரிய மனுஷனை 'என்னது, என்னது'ன்னு எத்தனை தடவை கேக்க முடியும்? 'சரிங்க சார், சரிங்க சார்'னு தலையை ஆட்டுனேன். அவரு முகத்தைப் பாத்தா போதாதா? அம்புட்டு அமைதி. ஆனா முக்கியமானது கேட்டுச்சு. 'வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கோங்க. ஆசைப்பட்டதை வாங்கிக் குடுங்க'ன்னாரு. பத்தியம் முடிஞ்சது! வெள்ளரிக்காயே திங்கலாம்னா பாத்துக்கோயேன். மக நம்பரையும் கேட்டு வாங்கிக்கிட்டாரு, குடும்பத்தோட அம்புட்டு ஒட்டுதல்.

அன்னைக்குக் கொண்டுபோன சத்துமாவு டப்பாவை நீட்டுனேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு தாயி. 'வீட்டுல சொல்லி கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறேன்'னாரு. கண்ணுல தண்ணி நிக்குது அவருக்கு. அதான் சொல்றேன், மனுஷனைக் குணத்தால ஜெயிக்கணும். நீயும் அடுத்த தடவை வர்றப்ப சிவகாசியிலருந்து ஏதாவது கொண்டாந்து குடு. திருப்பிக் குடுத்தா அசராத.

வெளிய வந்ததும் ராசகனி கேட்டா, 'என்ன சொன்னாரு?'

'எல்லாம் நல்லதுதான். இனிமே நீ எதை வேணாலும் திங்கலாம்.'

'திட்டுனாரா?'

'ஒரு வார்த்தை இல்ல.'



பஸ் ஸ்டாண்டுல எறங்குன கையோட வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் குடுத்தேன். ஒரு வருஷமா ஏங்குனவ. கையில வாங்கி வச்சுக்கிட்டு வீடு வரைக்கும் வந்து, மாட்டுக்குப் போட்டுட்டா. மறுநாள்லருந்து என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு நிறுத்தி வச்சு, ரசம் எப்பிடி வைக்கிறது, சோறு எந்தப் பதத்துல வடிக்கிறதுன்னு பாடம் எடுக்குறா. 'எனக்கு எதுக்குடி இதெல்லாம்'னா, 'சும்மா தெரிஞ்சு வச்சுக்கோங்க'ங்கிறா. உப்புக் கூடிப்போனா ஒரு சொல்லு சொல்லுவாளான்னு பாத்தா, அதையும் சப்புக்கொட்டித் திங்கிறா. அங்கிட்டு மக திருப்பூர்லருந்து போன் போட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வர்றேங்கிறா. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். 'இப்ப எதுக்குத்தா வர்ற, லீவுல வா'ன்னேன். போனை வச்சுட்டா. எல்லாருக்கும் என்னமோ ஆயிருச்சு. நான் ஒருத்தன்தான் வீட்டுல சந்தோசமா இருக்கேன்.

இன்னைக்கு நடந்ததைக் கேளு. காலையில பொறப்படுறப்ப பூக்காரிகிட்டப் பிச்சிப்பூ வாங்குறா. ஒரு கண்ணி ரெண்டு கண்ணி இல்ல, கல்யாணப் பொண்ணு மாதிரி. அவ முடி இப்பத்தான் ஒரு விரக்கடை வளந்திருக்கு, அதுல பூ எங்க நிக்கும்? ஊக்கைக் குத்திக் குத்தி, தலை முழுக்கச் சுத்தி வச்சுக்கிட்டா. தண்ணி சொட்டுது பூவுல. 'ஏ, டாக்டர் பாத்தாருன்னா கொன்னுருவாரு, கழட்டு'ங்கிறேன். 'பாக்கட்டும்'ங்கிறா. பஸ்ஸுல எனக்குப் பக்கத்துல அந்த வாசத்தோட உக்காந்து, ரொம்ப நாளைக்கப்பறம் வாயை முணுமுணுத்துக்கிட்டே வந்தா, அவருகிட்டச் சண்டைக்கு ஒத்திகை பாக்குற மாதிரி. எனக்குக்கூடக் கொஞ்சம் மனசு லேசாச்சு.

உள்ள போனோம். நேரா அவரு முன்னாடி போயி, தலையைக் குனிஞ்சு காமிக்கிறா. வேணும்னே காமிக்கிறா. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

'பூ நல்லா இருக்கும்மா'ன்னாரு. 'எங்க வாங்குனீங்க?'

நான் கண்ணைத் தொறந்து பாக்குறேன், இவ மூஞ்சி செத்துப்போச்சு. 'சார், இது ஈரப் பூ சார். கிருமி இருக்கும்'ங்கிறா. அவரு 'பரவாயில்லம்மா'ங்கிறாரு. 'நேத்து வெள்ளரிக்காய் தின்னேன் சார், மூணு'ங்கிறா. பொய்யி! மாட்டுக்குப் போட்டதை நான் பாத்தேனே. 'இனிப்பா இருந்துச்சாம்மா'ங்கிறாரு. அப்பறம் மெதுவா அவ தோளைத் தொட்டு, 'இன்னைக்கு ஊசி வேண்டாம்மா. இனிமே அந்த டெஸ்ட்டே எடுக்க வேண்டியதில்ல'ங்கிறாரு.

பெரிய மனுஷன்னா இதுதான் தாயி. எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. அந்தப் பாழாப்போன டெஸ்ட்டே வேண்டாமாம்! இதைவிட என்ன நல்ல சேதி வேணும்? ஆனா இவ என்ன பண்ணுனா? விடுவிடுன்னு போயி அந்தக் கட்டில்ல ஏறிக் குப்புறப் படுத்துட்டா. 'ஊசியைப் போடுங்க. போடாம நான் எந்திரிக்க மாட்டேன்'ங்கிறா. கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. நான் எந்திரின்னு கையை இழுத்தேன். 'நீங்க வெளிய போங்க'ன்னு எம் மேல எரிஞ்சு விழுந்தா. டாக்டர் என்னைப் பாத்து, 'கொஞ்சம் வெளிய இருங்கய்யா'ன்னாரு. அப்பறம்தான் நடுவாசல் வழியா உம் புருஷனைப் பாக்கப் போயி அந்தக் கத்து கத்துனாரு. கத்தி முடிச்சுட்டு அந்த வழியாவே திரும்ப இவகிட்ட வந்து உக்காந்திருக்காரு, பாரு, கதவிடுக்குல தெரியுது. அவ இன்னும் கட்டிலை விட்டு எறங்கல.

ஏன் தாயி தலையைக் குனிஞ்சுக்கிட்ட? நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?

ஒண்ணும் இல்லேங்கிற. சரி.

இப்ப உங்கிட்ட எல்லாத்தையும் வரிசையாச் சொன்னதுல எனக்கே என்னமோ மாதிரி இருக்கு. காலையில சரியாச் சாப்பிடல, அதா இருக்கும்.

இரு, எனக்கு ஒரு ரோசனை. அவளுக்கு என்ன வேணும்? அவரு திட்டணும். அம்புட்டுத்தானே? பைத்தியக்காரிக்கு அதுல ஒரு நிம்மதின்னா நான் வாங்கிக் குடுத்துட்டுப் போறேன். இந்தச் செருப்போடயே உள்ள போறேன். பாரு, பஸ் ஸ்டாண்டுச் சகதி அப்பிடியே அப்பிக் கெடக்கு. அவரு எதைப் பொறுத்தாலும் இதைப் பொறுக்க மாட்டாரு, தரையை எத்தனை தடவை தொடைக்கச் சொல்லுவாரு தெரியுமா? 'யோவ் மாவு மில்லு'ன்னு ஒரு சத்தம் வரும், கட்டிடமே அதிரும். ராசகனி சிரிச்சுருவா. நீயும் இங்க இருந்து கேளு. காதைத் தீட்டிக்கிட்டு இரு, வந்துருறேன்.

இந்தா, திரும்பி வந்துட்டேன். தண்ணி பாட்டில் எங்க வச்சேன்? உங்கிட்டயா இருக்கு? குடு, அவளுக்கு நாக்கு வறண்டு போச்சு.

கேட்டுச்சா தாயி?

கேக்கலையா. நாந்தான் செவிடு, உனக்காச்சும் கேட்டிருக்கும்னு பாத்தேன்.

போனேன். கட்டில் வரைக்கும் போனேன். வெள்ளைத் தரையில என் அடி ஒவ்வொண்ணும் கருப்பா விழுந்து கெடக்கு. குனிஞ்சு அதைப் பாத்தாரு. பாத்துட்டு, ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டாரு. 'உக்காருங்கய்யா'ன்னாரு. 'செருப்பு சார்'னு நானே காமிச்சேன். காலைத் தூக்கிக் காமிச்சேன் தாயி. 'இருக்கட்டும்'னாரு. எங்கையைப் பிடிச்சு அவ கைக்குப் பக்கத்துல வச்சாரு.

ராசகனி தலையைத் திருப்பி என்னையவே பாத்தா. எஞ் செருப்பைப் பாத்தா. அவ அழுகல. 'உங்களையும் திட்டலையா?'ன்னா.

தண்ணி எடுத்துட்டு வர்றேன்னு வந்துட்டேன்.

இரு. இரு இரு. எனக்கே கேக்குது. திரும்ப உம் புருஷன் ரூம்புலதான். 'இன்னொரு தடவை மாத்திரையை நிறுத்துனேன்னு தெரிஞ்சுச்சு, காலை ஒடிச்சு இதே கட்டில்ல கட்டிப் போட்டுருவேன், ராஸ்கல், ஒனக்குப் பொண்டாட்டி இருக்கா இல்லையா'ன்னு. எப்பிடிக் கத்துறாரு பாரு. தொண்டை கிழியுது மனுஷனுக்கு. அழாத தாயி. நீ எதுக்கு அழுகுற? உனக்கு என்ன குறை, நல்லாத் திட்டுறாரு, கேளு.

ஒரு உபகாரம் பண்ணு. அந்த ரெண்டு கதவையும் நல்லாத் தொறந்து வச்சுட்டு வா. அங்க அந்தக் கட்டில்ல கெடக்குறவளுக்கும் கொஞ்சம் கேக்கட்டும்.